ஒரு 'விடு'வுக்காக ஸ்ரீரங்கம் போய்வந்தது

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, கரூரிலிருந்து ஸ்ரீரங்கம் போய்வந்தேன். பெருமாளைச் சேவிக்கப் போவதாகத்தான் வீட்டிலும் ஆபீசிலும் சொன்னேன். அது பொய். ஒரு ஃபுல்பேக்கைப் பார்த்து ஒரு விஷயம் சொல்லப் போனேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரம், தூரம், வண்டிக் கூலி எல்லாம் சரியாக எழுதியிருக்கிறேன். நடுநடுவே பந்தாட்டம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரூரில் காலை ஆறே காலுக்குப் பாசஞ்சர் வண்டி. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். இடது பக்கம் ஜன்னல் பிடியுங்கள், குளித்தலை தாண்டியதும் காவேரி கூடவே வரும். அன்றைக்கு இரு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போனது. எனக்குத்தான் பார்க்க மனசில்லை. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் உதட்டுக்குள் முனகிக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் நான் ஏதோ ஸ்தோத்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மரியாதை கொடுத்தாள்.

நான் கரூருக்கு மாற்றலாகி வருமுன் திருச்சி பாலக்கரையில் இருந்தேன். எங்கள் பேட்டைக்குத் தென்றல் கிளப் என்று ஒரு அணி. அதன் ஆட்டம் எங்கே நடந்தாலும் எங்கள் கோல்போஸ்டுக்குப் பின்னால், வலையை ஒட்டி நிற்பேன். நிற்பேனே தவிர சும்மா நிற்கமாட்டேன், வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறேன்? எங்கள் லெஃப்ட் அவுட் காதர் பாய் ஓடினால் கோட்டில் போட்ட சுண்ணாம்பு பறக்கும். முக்கால்வாசி நேரம் பந்து மட்டும் பின்னால் கிடக்கும். செண்டர் ஃபார்வர்ட் ஒருத்தர் இருந்தார், பாஸ் கொடுத்தால் குடும்பச் சொத்து கைமாறிவிடும் என்று நினைப்பவர். இவர்களை வைத்துக்கொண்டு நாங்கள் எந்த வருஷமும் கோல் போட்டு ஜெயித்ததில்லை. கோல் வாங்காமல் ஜெயித்தோம். அதற்குக் காரணம் பின்னால் நின்ற இரண்டு பேர்.

ஒருவர் ஃபுல்பேக் ரங்கராஜன். ஸ்ரீரங்கத்துப் பிள்ளை. குடுமியை இறுக்கி முடிந்து, அதன்மேல் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஆடுவார். எதிரணிக்காரன், "ஐயரே, மந்திரம் சொல்லு" என்று கிண்டல் பண்ணுவான். "ஐயர் இல்லைடா, ஐயங்கார்" என்று திருத்திவிட்டு அவன் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போவார். நான் பார்த்த ஃபுல்பேக்குகளில் அவருக்கு மேல் ஒருத்தர் கிடையாது. இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொருவர் கோல்கீப்பர் சவரிமுத்து, அச்சாபீசில் எழுத்துக் கோப்பவர். சவரியும் ரங்கராஜனும் நாலாம் கிளாசிலிருந்து ஒரே பெஞ்சு. சவரி கைக்கு வந்த பந்து கோந்து போட்டது மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. பந்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் சவரி, "விடு" என்பார். ரங்கராஜன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், காலைத் தூக்கிப் பந்தை அப்படியே போகவிடுவார். அவ்வளவு நம்பிக்கை.

ஐம்பத்தெட்டில், ஒரு தை மாதம், கோப்பை ஃபைனல். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஒரு சோப்ளாங்கிப் பந்து எங்கள் கோலைப் பார்த்து உருண்டு வந்தது. துரத்தி வந்தவன் பத்து கஜம் பின்னால். ரங்கராஜன் பந்துக்குப் பக்கத்தில் நின்றார். சவரி மறு போஸ்ட் ஓரம் இருந்தார். திடீரென்று ரங்கராஜன் காலைத் தூக்கினார். பூனை அடுப்படிக்குள் போகிற மாதிரி நிதானமாகப் பந்து கோலுக்குள் போனது. கோப்பை போய்விட்டது.

மைதானத்திலேயே நான்தான் முதலில் கத்தினேன், "விட்டரங்கா!" என்று. கூட்டம் பிடித்துக்கொண்டது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க அதுவே பேர். காசு வாங்கிக்கொண்டு விட்டான் என்றுகூடச் சிலர் பேசினார்கள், நானும் மறுக்கவில்லை. அவர் பந்தாட்டத்தையே விட்டுவிட்டார்.

மறு வருஷம் எனக்குக் கரூர் மாற்றல். அறுபதில் அங்கே ஒரு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். பந்து கோலைப் பார்த்து வந்ததும், "விடு! விடு!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் சார் விடச் சொல்றீங்க? விட்டா கோலுக்குள்ள இல்ல போயிடும்?" என்றார். எங்கள் பாலக்கரைப் பையன்களுக்கு 'விடு' என்றால் ஓங்கி உதை, தூர விரட்டு என்று அர்த்தம். "ஒரு விடு விட்டான் பாரு" என்போமே, அந்த விடு. இதை அவருக்கு விளக்க வாயெடுத்தேன். பாதியிலேயே உறைத்தது. ஃபைனல் அன்றைக்கு வலைக்குப் பின்னால் நின்று, "விடு! விடு!" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான்தானே!

உடனே போயிருக்கலாம். பொங்கல் கழியட்டும், மாமனார் வருகிறார், ஆடிட் இருக்கிறது என்று ஐந்து வருஷம் தள்ளினேன். உள்ளபடி சொன்னால் பயம். என்னை நாலு சாத்து சாத்துவார் என்று பயம்.

திருச்சி கோட்டை ஸ்டேஷனில் ஒன்பது மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து ஸ்ரீரங்கம் மூன்று மைல். டவுன் பஸ்ஸுக்குப் பதினைந்து பைசா. கூட்டமாக இருந்ததால் முக்கால் ரூபாய் பேசிக் குதிரை வண்டி வைத்தேன். பாலம் தாண்டும்போது வண்டிக்காரர், "எந்த வீட்டுக்கு சார்?" என்றார்.

"உத்திர வீதி. வக்கீல் குமாஸ்தா ரங்கராஜன் வீடு."

"ரங்கராஜனா? இந்த ஊர்ல கல்லை விட்டெறிஞ்சா ரங்கராஜன் மேலதான் சார் விழும். அடையாளம் சொல்லுங்க."

"முன்னே பந்தாடுவார்..."

"அட, விட்டரங்கனா! மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே குதிரையைத் தட்டினார். ஊர் வாசலில் இருந்த மொட்டைக் கோபுரத்துக்குள் வண்டி நுழையும்போது இறங்கித் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். நெற்றியில் திருமண் காய்ந்திருக்கவில்லை. முப்பத்தைந்து வயசுக்குத் தலை நிறைய நரை. என்னை உடனே தெரிந்துகொண்டார். "கோல்போஸ்டு பின்னாடி நிப்பேளே! வாங்கோ, வாங்கோ. பெருமாள் சேவிச்சாச்சா?" என்று கூடத்தில் பாய் போட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அடிப்பார் என்று வந்தவனுக்கு இந்த உபசாரம் அடியைவிட வலித்தது.

காபியைத் தொடாமல் சொல்லிவிட்டேன். முனகி முனகிப் பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. "அன்னிக்கு விடுன்னு கத்தினது நான்தான். உதைக்கச் சொல்லித்தான் கத்தினேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கோபப்படவில்லை. மெதுவாக, "நீங்களா? சவரி இல்லையா?" என்றார்.

"சவரி இல்லீங்க. நான்தான்."

"அப்போ அவன் பொய் சொல்லலை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். ஆட்டம் முடிந்ததும் சவரியிடம், "நீதானேடா விடுன்னே?" என்று கேட்டாராம். "நான் வாயே திறக்கலடா" என்றாராம் சவரி. ஊர் திட்டுவதற்குப் பயந்து தன்னை மாட்டிவிட்டான் என்று இவர் நினைத்துவிட்டார். மாதா கோயில் வாசலில் நின்று சவரி சத்தியம் பண்ணியிருக்கிறார். "பொய்ச் சத்தியம் பண்ணாதே, கண்ணு போயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தவர், அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் தகப்பனார் தவறியபோது சவரி பாலம் தாண்டி வந்து வீதியில் நின்றிருக்கிறார். உள்ளே வா என்று இவர் கூப்பிடவில்லை.

"இன்னிக்கே அவரைப் போய்ப் பார்க்கலாம் சார், நானும் வரேன், நானே சொல்றேன்" என்று எழுந்தேன்.

"பங்குனியில போயிட்டான். மஞ்சக்காமாலை. ஆள் வந்து சொன்னா. நான் போகலை."

காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவர் மனைவி கதவோரம் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரங்கராஜன் எழுந்துபோய் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்பை மாட்டும்போது, வேறு ஏதோ நினைவாகக் கேட்பவர்போல, "கரூர்லேர்ந்து இங்கே வர எத்தனை நாழி ஆறது?" என்றார்.

"மூணரை மணி நேரம்."

"அவ்வளவுதானா?"

ஜங்ஷன் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். பாலக்கரையில் எழுந்தார். சவரியின் மனைவி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாராம். "நானும் வரட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். நீங்க விடுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பஸ் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசல் வரை போய்விட்டுக் கதவைத் தட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

என் பாரத்தை இறக்கிவைக்கத்தான் போனேன். கொண்டுபோய் அவர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். சொல்லாமலே இருந்திருக்கலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: ஸ்ரீரங்கம் போக ஜங்ஷன் வரை போகவேண்டாம், கோட்டை ஸ்டேஷனிலேயே இறங்குங்கள். பஸ் கிடைத்தால் வண்டிக்காரரிடம் மாட்டாதீர்கள். உத்திர வீதியில் வீடு தேடினால் பேரோடு வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள், பட்டப்பேரைச் சொல்லாதீர்கள். திரும்புவதற்கு ஜங்ஷனில் மாலை நாலே காலுக்கு வண்டி. போவதற்குக் கரூரில் காலை ஆறே கால். தினமும் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டேன், பங்குனியிலும் அதே நேரத்துக்குத்தான் ஓடியதாம்.