கேமராவுக்குப் பின்னால் ஒளிந்த மாமியார்

எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. கூச்சமோ நிறைய. மகளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதமாகியும் மாப்பிள்ளையின் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. கதவு மறைவில் நின்றுதான் பேசுவேன். முன்பின் தெரியாதவரோடு மகளை மஸ்கட் அனுப்புகிறோமே என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது.

அவர்கள் கிளம்பும் வாரம் சிட்லபாக்கத்திலிருந்து மூவரும் கோவளம் போனோம். மகள் கேமராவை என் கையில் திணித்தாள். "ரோல்ல ரெண்டு படம்தாம்மா பாக்கி. எங்கள எடு. உன்கிட்ட இருக்கட்டும்."

மாப்பிள்ளைக்கு எதிரே எப்படி நிற்பது? பின்னாலேயே நகர்ந்து, கரையேற்றியிருந்த ஒரு படகுவரை போய் ஒன்று எடுத்தேன். அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

"இன்னாக்கா, கடலயா புடிக்கிற? அதுங்க ரெண்டும் எறும்பாட்டம் கீது. கிட்ட போ."

"மாப்பிள்ளை நிக்கறாரே," என்றேன்.

"கேமரா பின்னால ஒளிஞ்சிக்கினுதான கீற! போக்கா."

அவள் சொன்னது சரியாகப் பட்டது. நாலடி தூரத்தில் நின்று கேமரா வழியாகப் பார்த்தேன். மகள் கண்ணில் மணல் விழாமல் அவர் ஒரு கையால் மறைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் என்னைப் போலவே கூச்சம்.

"அத்தை, சரியா நிக்கறோமா?"

"சரியா இருக்கு மாப்ளே," என்று முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

கழுவி வந்த முதல் படத்தில் கடல்தான் இருந்தது. பிள்ளைகள் இரண்டு புள்ளிகள். இரண்டாவதில் கடல் அவர்கள் தோளுக்குப் பின்னால் ஒரு கோடு, அதுவும் சாய்ந்திருந்தது. அதைத்தான் சட்டம் போட்டு மாட்டினேன்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்பப் போனபோது நான் தூண் மறைவைத் தேடவில்லை.