மேல்கம்பி

கம்பி கட்டுகிற எவன் இடுப்பிலும் ஒரு கொக்கி இருக்கும். இரண்டு கம்பி குறுக்கே போகிற இடத்தில் கட்டுக்கம்பியை மாட்டி, கொக்கியால் மூன்று முறுக்கு முறுக்கினால் முடிச்சு இறுகும். மற்றவர்களுக்கு மூன்று என்றால் இந்த மேஸ்திரிக்கு இரண்டே போதும். அப்படித்தான் கொக்கி மேஸ்திரி என்று பெயர் விழுந்தது. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் வரைபடத்தைத் தலைகீழாக நீட்டினாலும் எந்தக் கம்பி எங்கே வளைகிறது என்று சொல்லிவிடுவார். முப்பது வருடத்தில் தான் கட்டிய ஒரு வீட்டுக் கூரையிலும் விரிசல் விட்டதில்லை என்று மார் தட்டுவார். அது பொய் இல்லை. அந்த வீட்டுக் கூரைப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

வீட்டுக் கூரையில் முக்கியமான கம்பி அடியில் படுத்திருக்கும். நாலு பக்கமும் சுவர் தாங்குகிற கூரை நடுவில்தான் தொங்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்கக் கம்பி கீழே இருக்க வேண்டும். கலவை கொட்டுகிற அன்று ஆட்கள் சட்டியோடு அதன் மேல் மிதித்துப் போனாலும் பெரிய மோசம் இல்லை. கீழே இருப்பது இன்னும் எங்கே கீழே போகும்? இவரும் முப்பது வருடமாக மிதிக்க விட்டுத்தான் பழகியிருந்தார்.

அப்புறம்தான் ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தார். ஓவியர்கள் படம் மாட்டவும் கவிஞர்கள் கூடிப் படிக்கவும் ஒரு கலைக்கூடம். அதற்கு முகப்பில் ஒரு கூரை. சுவரிலிருந்து இருபது அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அடியில் ஒரு தூண் கிடையாது. சுவரோரம் ஒன்றரை அடி கனம், நுனியில் நாலு அங்குலம்.

"மேஸ்திரி, இது கனமா இருக்குன்னு பார்க்கிறவங்களுக்குத் தோணவே கூடாது."

"பார்க்கிறவங்களுக்குத் தோணாட்டி பரவால்ல சார். கம்பிக்குத் தோணணும்."

ஆர்க்கிடெக்ட் வாய்விட்டுச் சிரித்தார். மனிதர் நல்லவர். மதியம் சாப்பிட்ட கையோடு பெரிய பெரிய புத்தகங்களைக் கொண்டுவந்து சிமெண்டு மூட்டை மேல் விரித்துக் காட்டுவார். எந்தெந்த நாட்டிலோ நிற்கிற கட்டடங்கள். முட்டை ஓடு மாதிரி ஒன்று, கவிழ்த்த படகு மாதிரி ஒன்று.

"வரைஞ்சவர் படம் இருக்கு. கட்டினவன் படம் எங்க சார்?"

"அதைப் போடுற வழக்கம் இல்ல மேஸ்திரி."

"அதானே பார்த்தேன்."

இப்படி வெளியே நீட்டி நிற்கிற கூரைக்கு எல்லாமே தலைகீழ். அது நுனியில் தொங்கப் பார்க்கும், இழுபடுவது மேல்பக்கம். அதனால் முக்கியமான கம்பி மேலே இருக்க வேண்டும். மேலே நிறுத்துவதற்குச் சின்னக் கம்பியை வளைத்து நாற்காலி மாதிரி கால் செய்து அடியில் வைப்பார்கள். சேர் என்றே அதற்குப் பெயர். வரைபடத்தில் மூன்று அடிக்கு ஒன்று போட்டிருந்தது. இவர் ஐந்து அடிக்கு ஒன்று வைத்தார். சோம்பலும் இல்லை, திருட்டும் இல்லை. "அஞ்சு அடி தாராளம். நான் பார்க்காத கூரையா?" என்று சொன்னார். காலையில் சோதித்த இன்ஜினியரும் கம்பியை எண்ணினாரே தவிர, சேரை எண்ணவில்லை.

கலவை கொட்டுகிற அன்று, கம்பியை யாரும் மிதிக்காமல் இருக்கத் தனிக் கால் போட்டு நடைபலகை அடித்திருந்தார்கள். பாதி வேலையில் பக்கப் பலகை வாய் பிளந்து கலவை பிதுங்க ஆரம்பித்தது. தச்சன் ஓடிவந்து நடைபலகையைப் பிடுங்கிப் பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தான். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. முப்பது பேர் சட்டியோடு கம்பி மேலேயே நடந்தார்கள். கொக்கி மேஸ்திரி பார்த்துக்கொண்டுதான் நின்றார். பழகிய கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை. சுவரோரம் கலவையில் குச்சி விட்டுப் பார்த்தபோதுதான் திக்கென்றது. இரண்டு அங்குலத்தில் முட்ட வேண்டிய குச்சி ஆறு அங்குலம் இறங்கியது. சேரெல்லாம் மடங்கிப் படுத்துவிட்டன. முழங்கால் கலவையில் நின்று கொக்கியால் கம்பியை இழுத்தார். நாலு கம்பி வந்தது. மிச்சம் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மேலே தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். அவரும் வாயை மூடிக்கொண்டார்.

அடியில் தாங்கிய முட்டுகளைப் பிரித்த அன்று கூரை நின்றது. இருபது நாள் கழித்தும் நின்றது. திறப்பு விழாவன்று காலையில் சொல்லிவிடலாம் என்றுதான் போனார். ஆர்க்கிடெக்ட் இவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவிட்டார்.

"இதை நான் காகிதத்துலதான் வரைஞ்சேன். காத்துல நிறுத்தினவர் இவர். நாளைக்குப் பத்திரிகையில போடுற படத்துல இவரும் இருக்கணும்."

கூட்டம் கை தட்டியது. படமும் வந்தது, இரண்டு பேரும் கை கோத்தபடி. அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து அந்தக் கூரையைப் படம் பிடித்துப் போனார்கள். பேர்பெற்ற கவிஞர் ஒருவர், 'இறங்க மறந்த மேகம்' என்று அதைப் பற்றிப் பாட்டு எழுதினார். அந்த வரியைப் பித்தளைத் தகட்டில் வெட்டிச் சுவரில் பதித்தார்கள். மறக்கவில்லை, நேரம் பார்க்கிறது என்று இவருக்கு மட்டும் தெரியும்.

ஆர்க்கிடெக்ட் இன்னொரு உபகாரமும் செய்தார். மேஸ்திரியின் மனைவிக்கு அங்கேயே துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தார். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வேண்டாம் என்று சொல்ல இவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

ஆறு வருடம் ஓடியது. அவள் மதியச் சாப்பாட்டை அந்தக் கூரை நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். இவர் அவளைப் பார்க்கப் போனால் சாலையிலேயே நின்று கூப்பிடுவார். உள்ளே போக வேண்டியிருந்தால் பின்கதவு. ஒரு தடவை கூடத்துக்குள் இழுத்துப்போய், ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு படத்தைக் காட்டினாள்.

"என்ன இது, தார் டப்பா கொட்டிடுச்சா?"

"பெரிய ஓவியர் வரைஞ்சதுய்யா. முதல்ல எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துச்சு. தினம் பார்த்தா பழகிடும். உன் மூஞ்சி பழகலயா?"

பக்கத்தில் நின்ற கூடத்துக் காவல்காரர் குலுங்கிச் சிரித்தார். இவரும் சிரித்து வைத்தார். அன்றும் பின்கதவு வழியாகத்தான் வெளியே போனார்.

ஆறாவது வருடம், மழை விட்ட ஒரு வாரத்தில், சாப்பிடும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

"கூரையும் சுவரும் சேர்ற இடத்துல துருத் தண்ணி இறங்குதுய்யா. தினம் துடைக்கிறேன், தினம் வருது. ஞாயித்துக்கிழமை கவிஞர் கூட்டம் வேற. இருநூறு நாற்காலி போடப் போறாங்க."

இவர் பாதியில் கை கழுவி எழுந்தார். மறுநாள் காலை பின்பக்கமாக ஏணி வைத்து மேலே ஏறினார். சுவரை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே விரிசல். கொக்கியின் நுனி தாராளமாக உள்ளே போய், துரு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் போகாத."

"ஏன்?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"யாருக்கு உடம்பு சரியில்ல? உனக்கா? மூஞ்சியே சரியில்லயே."

"சொன்னா கேளு. இனிமே அந்த வேலையே வேணாம்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். கொக்கி நுனியில் இருந்த துருவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ அந்தக் கூரைக்கு அடியில ஒரு நாள்கூட நின்னதில்ல. பெரிய மனுஷங்க நடமாடுற இடம், கூச்சப்படுறேன்னு நினைச்சேன்."

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சேர், நடைபலகை, மழை, குச்சி. அவள் அழவில்லை, கத்தவுமில்லை.

"ஆறு வருஷம் என்னை அதுக்கடியில உட்கார வச்சு வேடிக்கை பார்த்திருக்க."

"நிக்கும்னுதான்..."

"நிக்கும்னா நீ ஏன்யா தெருவுல நின்ன?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"வேலைக்கு. நான் போகலைன்னா வேற ஒருத்தி வந்து பெருக்குவா. அவ மேல விழுந்தா பரவால்லயா? நான் போய் உட்காருறேன். எந்திரிக்க மாட்டேன். உனக்கு எப்ப வாய் வருதோ அப்ப வா."

சொன்னபடியே செய்தாள். இவர் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனபோது, நட்ட நடுவில் துடைப்பத்தைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காவல்காரர் விஷயம் புரியாமல், "புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டுல வச்சுக்கக் கூடாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். மேஸ்திரி சாலையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பவே இல்லை. அங்கிருந்து ஆர்க்கிடெக்ட் அலுவலகம் இரண்டு மைல். நடந்தே போனார்.

ஆர்க்கிடெக்ட் வரைபலகையில் குனிந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து கை நீட்டினார். இவர் அந்தக் கையைத் தொடவில்லை.

"சார், அந்தக் கூரையில மேல்கம்பி மேல இல்ல."

"என்ன சொல்றீங்க?"

சொன்னார். ஆர்க்கிடெக்ட் பென்சிலை உருட்டியபடி கேட்டார்.

"ஆறு வருஷம் நின்னிருக்கே மேஸ்திரி."

"நின்னுச்சு சார். இப்ப நான் கொக்கியை விட்டுப் பார்த்துட்டு வரேன். என் பொண்டாட்டி அதுக்குக் கீழ உட்கார்ந்திருக்கா. நான் உங்ககிட்ட சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாளாம்."

ஆர்க்கிடெக்ட் பென்சிலைக் கீழே போட்டார். காரை எடுத்தார். அங்கே போனதும் நேராக அவள் முன்னால் போய் நின்றார்.

"எந்திரிங்கம்மா. சொல்லிட்டார்."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தாள். புருஷனைக் கடந்துதான் போனாள். ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

முட்டுக் கொடுக்க ஆள் கூப்பிட்டால் ஒருவரும் உள்ளே வரவில்லை. யார் வருவார்கள்? கொக்கி மேஸ்திரியே போனார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த நிழலுக்குள் கால் வைத்தார். ஜில்லென்று இருந்தது. நுனிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, இரும்பு முட்டு ஒவ்வொன்றாக நிறுத்தித் திருகினார். நாற்பது முட்டு. பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை ஆர்க்கிடெக்ட் சாலையோரம் நின்றபடியே இருந்தார்.

மறுநாள் மேலே உளி வைத்து ஒரு சாண் அகலத்துக்கு உடைத்தார்கள். ஆர்க்கிடெக்ட் ஸ்கேலை உள்ளே விட்டார். ஆறேகால் அங்குலம். கம்பி அரித்துப் பாதியாகியிருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உடைச்சுட்டுத் திரும்பப் போட்டிருப்பேனே. ஏன் சொல்லல?"

"நீங்க மேடைக்குக் கூப்பிட்டீங்க சார்."

ஆர்க்கிடெக்டின் முகம் அறை வாங்கினது மாதிரி ஆனது. மெதுவாக ஏணியில் இறங்கினார். அப்புறம் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கவிஞர் கூட்டம் ரத்தானது. கூரையை வெட்டி எடுக்க இருபத்திரண்டு நாள் பிடித்தது. எங்கே எந்தக் கம்பி ஓடுகிறது என்று காட்ட மேஸ்திரி தினமும் வந்து நின்றார். கூலியை நீட்டினார்கள், கை நீட்டவில்லை. பழியை ஆர்க்கிடெக்ட் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று பத்திரிகையில் வந்தது. இவர் பேரே அதில் இல்லை. அதற்கப்புறம் அந்த மனிதர் பெரிதாக ஒன்றும் வரையவில்லை. பள்ளிக்கூடக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று என்னவோ போட்டுக்கொண்டிருந்தார் என்று கேள்வி. பத்திரிகை மறைத்தாலும் கட்டட வேலைக்காரர்களிடம் எது மறையும்? கொக்கி மேஸ்திரியை அதன் பிறகு ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

கூரையை வெட்டி முடித்த அன்று மதியம் மேஸ்திரி வீட்டுக்கு வந்து படுத்தார். பாயை விரித்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து, தலைக்கு மேலே பார்த்தாள். இந்த வீட்டுக் கூரைக்கும் கம்பி கட்டியவர் அவர்தான், கல்யாணமான புதிதில்.

"இதுல கம்பி எங்கய்யா இருக்கு?"

"அடியில. இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

"நிஜமா?"

"நிஜமாத்தான். உன் மேல சத்தியமா."

அவர் சொன்னது உண்மை. பதினெட்டு வருடமாக ஒரு கீறல்கூட இல்லை. அவள் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு விரித்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனாள். விறகை ஓரமாகத் தள்ளி அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் அவள் படுக்கை அங்கேதான்.