மகளைப் பார்த்துப் பதில் சொன்னவர்

இலங்கையில் கடலாமை முட்டைகளைக் காக்கும் முகாமுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பொறுப்பாளர் அந்த அம்மாள். பயணம் பற்றிப் பேசப் பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெயிலில் கருத்த முகம், ஒட்ட வெட்டிய நரைமுடி. நான் எதைக் கேட்டாலும் என் மகளைப் பார்த்தே பதில் சொன்னார். அவளோ பக்கத்திலிருக்கும் பாடாலூருக்குக்கூடத் தனியாக பஸ் ஏறியிராதவள்.

“ராத்திரி எங்க தங்க வைப்பீங்க?” என்றேன்.

“பொண்ணுங்களுக்குத் தனி ரூம்மா. கூட ரெண்டு டீச்சர் இருப்பாங்க,” என்றார், அவளிடம்.

எனக்குச் சுருக்கென்றது. “கேக்குறது நானுங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க.”

“போறது பாப்பாதானே சார். அங்க ஒரு சந்தேகம்னா கேக்க நீங்க இருக்க மாட்டீங்க. பாப்பாதான் கேக்கணும்.”

நன்றாகப் பேசினார். நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். இருந்தாலும் மறுக்கக் காரணம் கிடைக்காமல், சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மகள், “மேடம், உங்க ஐடி கார்டக் காட்டுங்க,” என்றாள்.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். கைப்பையைத் திறந்து அட்டையை நீட்டினார். மகள் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், அவசரமே இல்லாமல்.

அவ்வளவு நேரம் குடைந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

மகள் போய்விட்டு வந்தும் விட்டாள். அந்த அம்மாள்மேல் இருந்த சந்தேகம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. மகளைப் பற்றிய பயம்தான் அன்றே போய்விட்டது.