அப்பாவுக்கு இடப்பக்கம்

அம்மா இரண்டாவது பிரசவத்துக்காகப் புதியம்புத்தூருக்குத் தாய்வீடு போனபோது எனக்கு எட்டு வயது. முழுப் பரீட்சை நெருங்கியதால் என்னைக் கோவில்பட்டியிலேயே அப்பாவிடம் விட்டுப் போனாள். போகும்போது அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடமும், என்னைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவிடமும் சொன்னாள். இரண்டு பேருமே பெரிதாகத் தலையாட்டி வைத்தோம்.

அப்பா போலீஸ்காரர். ஆனால் திருடனைத் துரத்திப் பிடிக்கிற போலீஸ் இல்லை, அதில் எனக்குப் பெரிய மனக்குறை. ஊருக்கு வெளியே கரிசல் பொட்டலில் இருந்த துப்பாக்கி சுடும் ரேஞ்சில், சுடுகிறவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரும் யாரையும் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. சுடுகிற நாளில் முதல் ஆளாகப் போய்ச் சிவப்புக் கொடி ஏற்றுவார். ஆடு மேய்க்கிறவர்களைத் தேடிப் போய், இன்றைக்கு இந்தப் பக்கம் ஆட்டைப் பத்தி வராதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவார். சுட்டு முடித்தவர்கள் துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டினால், அவர் விரலை விட்டும் பார்ப்பார்.

அந்த ரேஞ்ச் எங்கள் வீட்டுக்குள்ளும் இருந்தது. கத்தரிக்கோலைப் பிடிப்பக்கமாகத்தான் நீட்ட வேண்டும். குடையின் முனை எப்போதும் தரையைப் பார்த்திருக்க வேண்டும். தீபாவளிக்கு வாங்கிய பொட்டுவெடித் துப்பாக்கியை ஒருநாள் விளையாட்டாக அவரைப் பார்த்து நீட்டிவிட்டு, அதில் வெடியே இல்லை என்று சாதித்தேன்.

“காலித் துப்பாக்கின்னு உலகத்துல ஒண்ணு கெடயாது, தெரிஞ்சுக்கோ” என்றார். அதோடு அந்தத் துப்பாக்கி பரணுக்குப் போய்விட்டது.

அடுத்த வீட்டில் ஒரு மாமா இருந்தார். சொந்தமெல்லாம் கிடையாது, அப்பாவோடு வேலை பார்க்கிறவர், கல்யாணமாகாதவர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்பாவை அண்ணாச்சி, அண்ணாச்சி என்று சுற்றிவருவார். அம்மா போனபிறகு ராத்திரிச் சாப்பாடு மூன்று பேருக்கும் எங்கள் வீட்டில்தான். மாமா குழம்பு வைப்பார், அப்பா சோறு வடிப்பார், நான் குறை சொல்வேன். அப்பாவின் இடப்பக்கம், சுவரை ஒட்டி என் இடம். வலக்கை சாப்பிட வேண்டுமே, அதனால் எப்போதும் அப்படித்தான். அங்கே உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடத்துக் கதையை ஒன்றுவிடாமல் சொல்வேன். பாதியில் அவர் ‘பொறவு?’ என்று கேட்பார். அந்தப் ‘பொறவு’க்காகவே சில கதைகளை நானே கட்டியதும் உண்டு.

ஒருநாள் அப்பா ரேஞ்சிலிருந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வெகுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவலி என்றார். அன்றைக்கு மாமா சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாசலில் என்னைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் மணியாச்சிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

அப்பாவுக்குத் தலைவலி வந்த அதே வாரத்தில்தான் தம்பி பிறந்த செய்தி வந்தது. அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து நான் கதை சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ‘பொறவு’ வரவில்லை. மறுநாள் இன்னும் நல்ல கதையாகச் சொன்னேன். அவர் எழுந்து கைகழுவப் போய்விட்டார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பையன் வந்துவிட்டான், இனிமேல் என் கதை யாருக்கு வேண்டும்?

அந்த நாட்களில் நான் இருந்த மாதிரி தனியாக அதற்குப் பிறகு எப்போதும் இருந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே பூட்டைத் திறப்பேன். பூட்டிக்கிடந்த மாமா வீட்டு ஜன்னலில் ஏறி உள்ளே பார்ப்பேன். குழம்புச் சட்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அப்பா வந்தபிறகு தனிமை இன்னும் கூடிப்போகும், அதுதான் வேடிக்கை. அழுகை வந்தால் கொல்லையில் போய் அழுதேன்.

பரீட்சை முடிந்ததும் தம்பியைப் பார்க்கப் பஸ்ஸில் போனோம். நான் ஜன்னலோரம், அப்பா எனக்கு வலப்பக்கம். வெளியே பருத்தி எடுத்து முடித்த வெறுங்காடு. வெகுநேரம் யோசித்து, அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டேன்.

“அப்பா, தம்பி வந்துட்டாம்லா. என்னைய அங்கனயே விட்டுட்டு வந்துருவீயளா?”

பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன், அப்பா முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

விட்டுவிட்டுப் போகிறவரை நாமே முந்திக்கொள்வது மேல் என்று எட்டு வயதுக்கு ஒரு ரோஷம் வந்தது. சாயங்காலம் அவர் என் பையை எடுத்தபோது அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு “நான் வரல” என்றேன். அப்பா கொஞ்சநேரம் பையோடு நின்றார். பிறகு அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறப் போனார். பள்ளிக்கூடம் திறக்கிறவரை நான் அங்கேதான் இருந்தேன்.

அப்பாவுக்கு இடது காது கேட்காது என்பது பிற்பாடு வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெடிச் சத்தத்திலேயே நின்றவர், கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அவர் ஓய்வு பெற்றபின் ஒருநாள் அந்த மாமா பார்க்க வந்தார், தலையெல்லாம் நரைத்து. வழியனுப்பத் தெருமுனைவரை போன என்னிடம் நின்று சொன்னார். அப்பா தலைவலி என்று உட்கார்ந்திருந்த அன்றைக்கு, மாமாவின் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றுகிற போல்ட் சிக்கிக்கொண்டதாம். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, கையை மட்டும் தூக்க வேண்டும் என்பது அப்பா தினமும் சொல்கிற பாடம். மாமா அதை மறந்து, விரலை விசையிலேயே வைத்துக்கொண்டு, ‘அண்ணாச்சி, இதைப் பாருங்க’ என்று துப்பாக்கியோடு திரும்பியிருக்கிறார். அப்பா குனிந்து குழலைத் தட்டிவிட, அது அவருடைய இடது காதோரம் வெடித்தது. வரிசையாக எல்லாரும் சுட்டுக்கொண்டிருந்த நேரம், கூடுதலாக வெடித்த ஒன்று யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கால்ல விழுந்தேன். போனா எப்பிடி ஆச்சுன்னு கேப்பான், ஒனக்கு வேல போயிரும்னுட்டாவ. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாவ. அவிய மூஞ்சியில முழிக்க முடியாமத்தாம்மா மணியாச்சிக்கு ஓடுனேன்.”

எது நடந்தாலும் மேலே சொல்லிவிட வேண்டும் என்று அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவர் அப்பா.

வீட்டுக்கு வந்து அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். காதைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. தம்பி பிறந்தபோது என்னைப் புதியம்புத்தூரிலேயே விட்டுவிட்டு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

“நான் எங்க விட்டேன்?” என்றார் அப்பா. “பஸ்ஸுல ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் நீ ஒரு வார்த்த பேசலியேம்மா. அம்மையப் பிரிச்சு வச்சிருக்கேன்னு எம்மேல கோவம்னு நெனச்சேன்.”