கங்காணி வீட்டு அக்காவின் தலை எண்ணெய்

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் சுங்கை சிப்புட் தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுவது நின்றுபோய், பெண்கள் நாங்கள் கொட்டகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவினோம். தேங்காயெண்ணெய் கிடைக்காததால் எல்லார் தலையிலும் செம்பனை எண்ணெய்தான். வெயில் ஏறினால் அந்த நாற்றம் குடலைப் பிடுங்கும். எங்களோடு சீவிய கங்காணி வீட்டு அக்காவும் அப்படியேதான் நாறினார்.

ஒரு லீவு நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். தலை தேங்காயெண்ணெயில் மினுமினுத்தது. சித்தியவான் ஊரிலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்து கொடுப்பாராம். மறுநாள் கொட்டகையில் பார்த்தால், பழையபடி செம்பனை நாற்றம். எனக்குக் கோபமே வந்தது. மெதுவாக அவர் காதில் கேட்டேன்.

"நல்ல எண்ணெய வீட்டுல வச்சிக்கிட்டு ஏன்க்கா இந்தக் கண்றாவி?"

கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "லீவு நாளைக்கு என் வீட்டுல மணந்துக்கிறேன்லா. எல்லாரும் நாறுற எடத்துல நான் மட்டும் மணந்தா, அது மரியாதையா?"