சுரூபம் தூக்கியவரின் சக்கர நாற்காலி

சர்க்கரை வியாதியால் என் வீட்டுக்காரரின் வலது காலை எடுத்த பிறகு, கொட்டாஞ்சேனையில் அவர் போகிற இடம் இரண்டுதான்: மாதா கோவில், கிளினிக். எங்கள் ஜெபக்கூட்டம் சதுப்பு நிலப் பூங்காவுக்கு வேன் பிடித்தபோது, தானும் வருவேன் என்றார். டிவியில் கண்ட சிவப்புச் சொண்டு நீலக் கோழியை நேரில் பார்க்க வேண்டுமாம்.

"கோழி பார்க்க வேன் ஏறுற ஆள் நீங்கள்தான். சந்தையில தொங்குது, காட்டட்டோ?" என்றேன்.

"அதுக்குத் தலை இல்லையே," என்றார்.

பூங்காவில் பலகை நடைபாதை தொடங்கும் இடத்தில் நான்கு படிகள். ஜெபக்கூட்டத்து ஆண்கள் உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவருடைய சக்கர நாற்காலியைச் சூழ்ந்தார்கள். திருவிழாப் பவனியில் மாதாவின் சுரூபம் தூக்கிப் பழகிய தோள்கள்.

"அண்ணே, பிடிச்சு இருங்கோ. ஒரே மூச்சில ஏத்திருவம்."

"வேண்டாம். உங்களோட நின்று எத்தனை வருஷம் சுரூபம் தூக்கினவன் நான். நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் இங்க இருக்கிறன்."

"பயப்படாதீங்கோ, மாலை போட மாட்டம்."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் பிறர் தூக்கியே அலுத்துப்போன மனிதர். இன்றைக்குத் திரும்பிப் போனால் இனி வாசல் தாண்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும். மாதாவே என்று சொல்லிக்கொண்டு, என் அரைகுறைச் சிங்களத்தோடு காவலாளியிடம் ஓடினேன்.

"மல்லி, வேறு வழி இல்லையா?"

அந்தத் தம்பி வந்து பார்த்தார். "வாங்க அய்யே," என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லி அவரை அழைத்துப் போய்ப் பின்பக்கக் கேற்றைத் திறந்தார். புல் வெட்டுகிறவர்களின் தள்ளுவண்டி ஏறுவதற்குப் போட்ட பலகைச் சரிவு அங்கே இருந்தது. என் வீட்டுக்காரர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறினார். நான் மெல்லப் பின்னால் தொட்டேன்.

"கையை எடும்."

எடுத்தேன்.

படியேறி வந்த கூட்டத்தார் மேலே எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். திருப்பத்தில், நாணலுக்குள் அந்தக் கோழி நின்றது. அவர் விரலை நீட்டிக் காட்டினார். கேட்டது கிடைத்தால் நின்ற இடத்திலேயே நன்றிப் பாட்டுப் பாடுவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். முதல் அடியை எடுத்துக் கொடுத்தது நான்தான். இரண்டாம் அடிக்குப் போவதற்குள் கோழியைக் காணோம்.

அவர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஆண்டவருக்கு மெதுவாச் சொன்னாலும் கேக்கும். கோழிக்கும் கேக்கும்."

பிறகு உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, முன்னால் உருட்டிக்கொண்டு போனார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு, திருவிழாப் பவனியில் போவதுபோல் இரண்டு வரிசையாக அவர் பின்னால் நடந்தோம்.