அபுந்தியோவுக்கு மாற்றுத்துணி

புருஷன் அபுந்தியோ செத்த பிறகு பிளாசிடா அவன் கம்பளிச் சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு இழை இழையாகப் பிரித்தாள். கால்சட்டைகளைக்கூட விடவில்லை, நாடா நாடாவாகக் கிழித்தாள். அத்தனையையும் சாயத்தில் முக்கித் தறியில் ஏற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு துணி நெய்து முடித்தாள். அவன் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் இதிலே இருக்கிறது என்றாள்.

கள்ளியில் வளரும் பூச்சியை அரைத்து எடுக்கும் சிவப்புச் சாயம் இருக்கிறதே, அதில் எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சாகும், சாம்பல் தண்ணீர் விட்டால் ஊதாவாகும். அபுந்தியோவின் வாலிபத்துக்கு எலுமிச்சை, வயசான காலத்துக்குச் சாம்பல். நடுவில் பச்சையாக ஒரு வீக்கம், அது தொப்பை. முகம் மட்டும் கிடையாது. ஓவாஹாக்கா நகரத்துக் கண்காட்சிக்காரி இதைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, தன் கூடத்தில் ஒரு சுவரையே ஒதுக்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் யாரும் கண்ணீர் விடவில்லை. வீட்டுக்கு வீடு கம்பளம் நெய்கிற ஊர் இது. தரையில் விரிக்காத கம்பளம் எதற்கு என்றுதான் கேட்டார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை செத்தவர்கள் தங்கள் வீடு தேடி வரும் நாளும் வந்தது. காலையிலேயே நாத்தனார் எர்மினியா படையலுக்கு ரொட்டியும் சாக்லேட்டும் தூக்கிக்கொண்டு நுழைந்தாள். படையல் மேசையை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி துணி எங்கடி? அவ்வளவு தூரம் புழுதியில நடந்து வர்றவன் மாத்திக்க வேணாமா?"

பிளாசிடா சுவரில் தொங்கிய துணியைக் காட்டினாள். "எல்லாம் அங்கதான் இருக்கு மதினி."

எர்மினியா கிட்டப் போய்ப் பார்த்தாள். தள்ளி நின்றும் பார்த்தாள். "இதுல சட்டை எது?"

"அந்த ஊதா."

"கால்சட்டை?"

"கீழ, குறுக்கால ஓடுது பாருங்க."

"அடிப்பாவி! ஊர்ல செத்தவன் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில வந்து நிப்பான், என் தம்பி மட்டும் அம்மணமா நிக்கணுமா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஃபிதென்சியோ ஓடி வந்தார். நல்ல மனுஷன், ஆனால் ஒல்லி. விஷயம் தெரிந்ததும் போய்த் தன் கால்சட்டை ஒன்றை எடுத்து வந்தார்.

"இது அவன் ஒரு தொடைக்கே பத்தாதுய்யா!" என்று எர்மினியா அதைத் திருப்பி வீசினாள். "நான் புதுச் சட்டை வாங்கி என் வீட்டுல வைக்கிறேன். இந்த வருஷம் அவன் அங்கதான் வருவான்." போகும்போது ரொட்டியையும் சாக்லேட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

"வருவான், வருவான், உங்க ரொட்டிக்கு ஏங்கி!" என்று பிளாசிடா முதுகுக்குப் பின்னால் கத்தினாள்.

மூன்று மணிக்குக் கோவில் மணி அடித்தது, வெடி வெடித்தது. தெருவெங்கும் செத்தவர்கள் தத்தம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து மேசைவரை சாமந்தி இதழ் தூவி பிளாசிடா காத்திருந்தாள். அபுந்தியோ வந்ததற்கு அடையாளமாக மெழுகுவர்த்திச் சுடர் ஆடக்கூட இல்லை. மற்ற எதற்கும் வெட்கப்படாத மனுஷன், ஆற்றில் குளிக்கும்போதுகூடக் கால்சட்டையைக் கழற்ற மாட்டான். இப்போது தெருமுனையில் ஏதாவது கள்ளிக்குப் பின்னால் கூனிக் குறுகி நிற்கிறானோ? இல்லை, அக்கா வீட்டுக்கே போய்விட்டானோ?

"போயும் போயும் அங்கயா போன?" என்று வாய்விட்டே அழுதாள்.

பிறகு எழுந்தாள். துணியைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரித்தாள். கண்காட்சிச் சுவர் நினைவுக்கு வந்தது. போனால் போகட்டும் என்று கத்தரிக்கோலை எடுத்தாள். தொப்பைக்கு மேலே, நட்டநடுவில், தலையை நுழைத்து மாட்டிக்கொள்கிற மாதிரி வெட்டினாள். இழை பிரியாதபடி ஓரத்தைச் சுற்றி ஊசியால் தைத்து, படையல் முன்னால் இருந்த நாற்காலியில் போட்டாள்.

சாயங்காலம் எர்மினியா வந்து வாசலில் நின்றாள். கையில் புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"அங்க வரலடி," என்றாள் மெல்ல. "இங்க வந்தானா?"

பிளாசிடா நாற்காலியைக் காட்டினாள். எர்மினியா கிட்டப் போய்த் துணியைத் தூக்கினாள். வெட்டின இடத்துக்குள் கையை விட்டு விரித்துப் பார்த்தாள்.

"கழுத்து பத்தாதுடி," என்றாள். "அவனுக்குத் தலை பெருசு. இன்னும் ரெண்டு விரல் வெட்டு."